அசமந்தபுரத்துச் சோலார் பிள்ளை

அசமந்தபுரம் வரைபடத்தில் இல்லை. படம் வரைய வந்தவர் அந்த ஊர்க்காரர்களிடம் வழி கேட்டாராம். கேட்ட அன்றே அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டார் என்று சொல்கிறார்கள். ஆனாலும் ஊர் இருக்கிறது. நான் போயிருக்கிறேன், எப்படியோ திரும்பியும் வந்துவிட்டேன்.

ஊரில் ஓர் ஆழ்துளைக் கிணறு உண்டு, அதில் தண்ணீரும் உண்டு. பழைய மோட்டார் புகைந்து போனதிலிருந்து அது மேலே வருவதில்லை, அவ்வளவுதான். அதனால் சொர்ணத்தாய் தினமும் தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் என்று பக்கத்து ஊரான கீழக்குடிக்கு நடந்தாள். அங்கே குழாயடியில் அவளுக்குக் கிடைத்த வரவேற்பு இது: "உங்க ஊர்ல மூளைதான் இல்லைன்னு நெனச்சோம். தண்ணியும் இல்லையாக்கும்!"

கடைசியில் அரசாங்கம் இரங்கியது. அதிகாரிகள் ஏசி கார்களில் வந்து இறங்கினார்கள். கார்களை அணைக்காமல் புளியமரத்து நிழலில் உறுமவிட்டு, எரிபொருளைச் சேமிப்பது பற்றி மதியம்வரை பேசினார்கள். கிணற்றடியில் வரிசையாகச் சோலார் பலகைகளும் புது மோட்டாரும் வந்தன. கூட வந்த இஞ்சினியர் ஊராட்சித் தலைவர் வீரபுத்திரனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெயில்ல ஓடுற மோட்டாருங்க. புகை கிடையாது, கரண்டு பில் கிடையாது. இந்தப் பலகைங்களை மட்டும் பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கங்க, போதும்."

படித்தவர் வாயால் சொன்ன ஒரே ஒரு வேலை. அதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டாமா? கார்கள் கிளம்பிய தூசி அடங்குவதற்குள் ஊர் கூடிவிட்டது.

"பெத்த பிள்ளைய எவனாச்சும் உச்சி வெயில்ல போட்டு வைப்பானா?" என்று கேட்டார் தலைவர்.

"தோல் ஏற்கெனவே கறுத்துப் போச்சு, பாவம்" என்றான் மூக்காண்டி. மோட்டாரைக் கவனித்துக்கொள்ள ஊராட்சி நியமித்த ஆள் இவன்தான்.

சாயங்காலத்துக்குள் பலகைகளுக்கு மேலே தென்னங்கீற்றுப் பந்தல் எழும்பியது. அடுத்தாற்போல் எண்ணெய்க் குளியல். இங்கேதான் சிக்கல் வந்தது. ஆண்பிள்ளை என்றால் சனிக்கிழமை, பெண்பிள்ளை என்றால் வெள்ளிக்கிழமை. இது எந்தப் பிள்ளை? பலகையை முன்னும் பின்னும் பார்த்தார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. பெட்டிக்கடைத் தங்கப்பழம்தான் தீர்ப்புச் சொன்னான்.

"எதுக்கு வம்பு? ரெண்டு நாளும் தேய்ப்போம். ஒரு நாள் சரியாப் போகும், இன்னொரு நாள் எண்ணெய்தானே போகும்."

அப்படியே இரண்டு நாளும் நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, சாம்பிராணி காட்டினார்கள். சொர்ணத்தாய் தன் கையால் மை கரைத்து, ஒவ்வொரு பலகையின் கன்னத்திலும் கையகலத்துக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்தாள். எது கன்னம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மோட்டார் மூச்சே விடவில்லை.

"பல்லு மொளைக்கிற நேரமா இருக்கும்" என்று பொறுத்துப் பார்த்தார்கள். வேப்பிலை அடித்துப் பார்த்தார்கள். கடைசியில் மூக்காண்டி இஞ்சினியருக்குப் போன் போட்டான்.

"பலகை மேல நிழல் ஏதும் விழுதா?" என்று கேட்டார் அவர்.

"கவலையே படாதீங்க சார். பூராவும் நிழல்லதான் வச்சிருக்கோம்."

அந்தப் பக்கத்திலிருந்து அலறல் வந்தது. "நிழலே ஆகாதுய்யா! எந்த நிழலும் விழக்கூடாது! பந்தலைப் பிரிச்சுப்போட்டு நல்லாத் துடைங்க!"

பந்தலைப் பிரித்து அடுப்பெரித்தார்கள். பலகைகளைத் துடைத்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் "எந்த நிழலும்" என்றல்லவா சொல்லிவிட்டார்! தலைவர் எழுந்து நின்று நான்கு திசையும் பார்த்தார்.

"அந்தா கெடக்கே புளியமரத்து நிழல், அது?"

"அது எட்டத்துல கெடக்கு தலைவரே" என்றான் மூக்காண்டி.

"காலையில மேக்க கெடந்துச்சு. இப்ப கெழக்க கெடக்கு. நடமாடுற நிழலை நம்ப முடியுமா? என்னைக்காச்சும் இங்க வராதுன்னு நீ எழுதித் தருவியா?"

மூக்காண்டிக்கு எழுதத் தெரியாது. ஆகவே புளியமரம் விழுந்தது. பிறகு வேம்பு, அரசு, பள்ளிக்கூடத்துப் புங்கை என்று எல்லாம் விழுந்தன. பசுமை மின்சாரத்துக்கு ஊரில் மிச்சமிருந்த பசுமைதான் ஒரே இடைஞ்சலாக இருந்தது. அதையும் ஒழித்துக் கட்டினார்கள். வெட்டிய புளியம்பலகையில் 'மரம் வளர்ப்போம்' என்று அழகாக எழுதி ஊர் வாசலில் நட்டார்கள். அந்தப் பலகைக்கும் நிழல் விழுவதைத் தங்கப்பழம் பார்த்துச் சொன்னதும், அதைப் பிடுங்கித் தரையில் படுக்கப் போட்டார்கள்.

மோட்டார் ஓடியது! குழாயில் தண்ணீர் கொட்டியது. சொர்ணத்தாய் குடத்தை நிரப்பி வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதே விட்டாள். இனி கீழக்குடிக்காரிகளின் வாயில் விழ வேண்டாம் என்று நினைத்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷம் மறுநாள் மத்தியானம்வரை நீடித்தது.

மத்தியானம் பலகைகளின் மேல் பெரிய நிழல் ஒன்று விழுந்தது. மோட்டார் நின்றது. எல்லோரும் அரிவாளோடு ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டு வருஷமாக அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத கார்மேகம், வானம் முழுக்கத் திரண்டு நின்றது.

"இதை எங்க வெட்டுறது?" என்றான் மூக்காண்டி.

"இதுக்கு அடிமரமே இல்லையேடா" என்றார் தலைவர் கவலையோடு.

கோயில் வெடிகளைக் கொளுத்தி விரட்டிப் பார்த்தார்கள். மேகம் பதிலுக்கு அதைவிடப் பெரிதாக இடித்தது. சடசடவென்று மழை இறங்கியது.

"ஐயோ, பிள்ளை நனையுதே!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள் சொர்ணத்தாய். "சளி பிடிச்சா நாளைக்கு எப்படித் தண்ணி எறைக்கும்?"

பந்தல் அடுப்பில் எரிந்து போயிருந்தது. ஒதுங்க ஒரு மரமும் இல்லை. "குடத்தைக் கொண்டாங்க!" என்று கத்தினார் தலைவர். ஊரிலிருந்த குடம், அண்டா, குண்டான், தவலை எல்லாம் கிணற்றடிக்கு வந்தன. ஆளுக்கொன்றாகப் பலகைகளுக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். மூக்காண்டி மட்டும் அவசரத்தில் அண்டாவின் வாய் மேலே பார்க்கப் பிடித்துவிட்டான்.

"அட முட்டாப்பயலே!" என்று கத்தினான் தங்கப்பழம். "நிமித்திப் பிடிச்சா தண்ணி நெறஞ்சு கனக்கும்ல? கவுத்துப் பிடிடா!"

மூக்காண்டி வெட்கப்பட்டு, நிறைந்திருந்த அண்டாவைக் கவிழ்த்துப் பிடித்தான். இருட்டும்வரை மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கவிழ்த்த பாத்திரங்களில் பட்டுத் தெறித்த தண்ணீர், தடுக்க ஒரு மரத்தின் வேர்கூட இல்லாத அசமந்தபுரத்தைக் கடந்து, நேராகக் கீழக்குடிக் கண்மாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாளும் வானம் மூடியே கிடந்தது. மோட்டார் ஓடவில்லை. கை இரண்டும் வீங்கிப்போன சொர்ணத்தாய், தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் என்று கீழக்குடிக்கு நடந்தாள்.

குழாயடியில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். "என்னடி இது? எங்க கண்மாயே நெறஞ்சு போச்சு. உங்க ஊர்ல மழை இல்லையா?"

சொர்ணத்தாய் முதல்முறையாக அவர்களை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் இல்ல? நல்ல மழை. ஊரே சேந்து நின்னு, ஒரு குடத்துக்குள்ளயும் ஒரு சொட்டு விழாமப் பாத்துக்கிட்டோம்!"