சீட்டுக்காரர் சிறைக்குப் போன கதை

உங்கள் சுண்டுவிரல் தோலில் ஒரு நாடு இருக்கிறது. உயிரணு என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத நாடுதானே, அங்கே என்ன அரசியல் என்று நினைத்துவிடாதீர்கள். ராஜா உண்டு, அமைச்சர் உண்டு, அமைச்சரைக் கண்டாலே ஆகாத தளபதியும் உண்டு.

ராஜா நுண்மாறனுக்கு ஒரு நாள் காலையில் நாட்டை இரண்டாகப் பிரிக்கும் ஆசை வந்தது. அந்தப் பக்கத்து ராஜாக்களுக்கு அது வழக்கம்தான்; நாடு இரண்டானால் ராஜாவும் இரண்டு பேராகிவிடுவார். ஆனால் பிரிப்பதற்கு முன் பரம்பரை ஏட்டைப் பிரதி எடுத்தாக வேண்டும். டி.என்.ஏ. என்பது ஏட்டின் பெயர். நாற்பத்தாறு கட்டு, அறுநூறு கோடி எழுத்து. அது இல்லாத நாடு ஒரு நாள் தாங்காது.

"பொழுது சாய்வதற்குள் பிரதி வேண்டும். ஓர் எழுத்தும் விடக்கூடாது, ஓர் எழுத்தும் இரண்டு தடவை வரக்கூடாது. தவறினால் உன் தலை இருக்காது" என்றார் ராஜா, அமைச்சர் சாத்தனிடம்.

தளபதி கடும்புலியாருக்கு ஏக சந்தோஷம். "முதல் எழுத்தில் தொடங்கி எழுதினால் நாலு வருஷம் ஆகுமே, சாத்தனாரே?"

"முதல் எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்று அரசர் சொல்லவில்லையே" என்றான் சாத்தன்.

ஏட்டில் முப்பதாயிரம் இடங்களைக் குறித்தான். அனுமதிச் சீட்டு கொடுக்கும் சீட்டுக்காரர் ஓரியார், ஒவ்வோர் இடத்திலும் ஒரு சீட்டைக் கட்டிவிட்டு வந்தார். சீட்டு உள்ள இடத்தில்தான் தொடங்கலாம். தொடங்கும்போதே சீட்டைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு எழுத்தர்கள் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தார்கள். ஒருவர் இந்தப் பக்கம் எழுதிக்கொண்டு போவார், மற்றவர் அந்தப் பக்கம்.

முரசு கொட்டும் முன் சாத்தன் ஓர் ஓலையை நீட்டினான். "ஓரியாரைச் சிறையில் போட வேண்டும், அரசே. நாடு இரண்டாகும் வரை யார் சொன்னாலும் விடக்கூடாது."

"என்ன தப்பு செய்தார்?"

"ஒன்றுமில்லை. தங்கமான மனுஷர். யார் கேட்டாலும் சீட்டு கொடுத்துவிடுவார்."

ராஜா முத்திரை வைத்தார். ஓரியார் வெற்றிலைப் பெட்டியோடு சிறைக்குப் போனார். முரசு ஒலித்தது.

மத்தியானத்துக்குள் பல இடங்களில் வேலை முடிந்துவிட்டது. முடித்தவர்கள் சோம்பல் முறித்தார்கள். தளபதி ராஜாவின் காதோரம் குனிந்தார். "சும்மாதானே இருக்கிறார்கள்? எழுதியதையே இன்னொரு தடவை எழுதச் சொன்னால் உபரியாக இருக்குமே." எழுத்து இரண்டு தடவை வந்தால் போகப்போவது யார் தலை என்பது அவருக்குத் தெரியும்.

ராஜாவுக்கோ காலையில் தான் சொன்னதே மறந்துவிட்டது. "எழுதுங்கள்!" என்றார்.

"சீட்டு இல்லையே" என்றார்கள் எழுத்தர்கள்.

"சாத்தா, சீட்டு எங்கே?"

"கொடுப்பவர் சிறையில் இருக்கிறார்."

"திறந்துவிடு!"

"யார் சொன்னாலும் விடக்கூடாது என்று உத்தரவு."

"சொல்வது ராஜா!"

"உத்தரவு போட்டதும் ராஜாதான், அரசே. காலை ராஜா சொன்னதைக் கேட்பதா, மத்தியான ராஜா சொல்வதைக் கேட்பதா என்று தெரியாமல்தான் நிற்கிறேன்."

ராஜாவின் கை வாளுக்குப் போனது. சாத்தன் கழுத்தை நீட்டினான்.

"வெட்டுங்கள். ஆனால் பக்கத்து நாட்டு ராஜாவும் இப்படித்தான் உபரி கேட்டார். ஏடு குளறுபடியாகி, அந்த நாடு இப்போது பிரிந்துகொண்டே இருக்கிறது. நிறுத்தும் விதம் எந்த ஓலையில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்."

ராஜா உட்கார்ந்துவிட்டார்.

பொழுது சாயும் முன் கடைசி எழுத்தும் முடிந்தது. சரிபார்த்தார்கள். ஒன்றும் விடவில்லை, ஒன்றும் இரட்டிக்கவில்லை. தளபதி மட்டும் இரண்டாம் தடவை சரிபார்த்தார்.

"நான் இப்படிக் கேட்பேன் என்று காலையிலேயே உனக்கு எப்படித் தெரியும்?" என்று ராஜா கேட்டார்.

"நாலு பேர் சும்மா இருந்தால் தங்களுக்குப் பொறுக்காதே, அரசே."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "பிடி, பாதி ராஜ்யம் உனக்கு!"

"வேண்டாம், அரசே. இன்னும் சற்று நேரத்தில் தங்களுக்கே பாதிதான் மிஞ்சும். ஓரியாரை விடுதலை செய்தால் போதும்."

"இதோ, இப்போதே விடுகிறேன்!"

"இப்போது வேண்டாம்" என்றான் சாத்தன். "நீங்கள் இரண்டு பேரான பிறகு."