ராஜாவுக்கு முந்திய கவளம்

ஏழு கடலும் அதனதன் இடத்தில் சும்மா கிடந்த காலத்திலே, ஒரு ஊரிலே, யாரையும் நம்பாத ஒரு ராஜா இருந்தார்.

அவருக்கு முன்னால் சாப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆள். பெயர் விருத்தகிரி.

வெளியிலிருந்து பார்த்தால் லேசான வேலை. எது வந்தாலும் முதல் கவளம் விருத்தகிரிக்கு. அதை முழுங்கிவிட்டு அசையாமல் உட்கார வேண்டும். எழுந்து நடந்தால் விஷம் ஏறுவது வெளியே தெரியாமல் போய்விடும் என்று ராஜாவுக்கு ஒரு எண்ணம். விருத்தகிரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். முகம் கோணவில்லை என்றால்தான் தட்டில் கை வைப்பார்.

ராஜாவுக்கோ நேரம் காலம் கிடையாது. விடிந்தால் பொங்கல். வெயிலேறினால் பணியாரம். நடுச்சாமத்தில் முழிப்பு வந்தால் அதிரசம்.

"விருத்தகிரியை எழுப்பு!"

எழுப்புவார்கள். பாதித் தூக்கத்தில் மென்றுவிட்டு, மீதித் தூக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

இப்படியே வருஷங்கள் ஓடின.

ஒருநாள் புளியோதரை. ஒரு கவளம் உள்ளே போனதும், "ஐயோ" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார் விருத்தகிரி.

"விஷம்!" என்றார் ராஜா.

அவ்வளவுதான். மடைப்பள்ளியில் கரண்டியும் கையுமாக நின்ற சமையல்காரர் தில்லைநாயகத்தைக் கரண்டியோடு கொண்டுபோய்ச் சிறையில் போட்டார்கள்.

விருத்தகிரி சாகவில்லை. ஏப்பம்தான் வந்தது.

"சாகலைன்னா கம்மியாப் போட்டிருக்கான்," என்றார் ராஜா. "பௌர்ணமியன்னிக்கு அவனே திரும்பச் சமைக்கட்டும். நீயே சாப்பிடு. மறுபடி வயித்தைப் பிடிச்சேன்னா, அவன் தலை போகும்."

அதுவரை, சமைத்தது எதுவும் வேண்டாம் என்று ராஜா வாழைப்பழத்துக்கு மாறினார். தானே உரித்துத் தானே தின்பார். ஓயாமல்.

விருத்தகிரிக்குத் தெரியும், அது விஷமில்லை. வயிறு ரொம்ப நாளாகவே அப்படித்தான். சொன்னால், கோளாறு வயிற்றுக்காரனுக்கு இங்கே என்ன வேலை என்று துரத்திவிடுவார்கள். சொல்லாவிட்டால் தில்லைநாயகம்.

பல்லக்கில் ஏறி ஆற்றங்கரைக்குப் போனார்.

அங்கே மணல்மேட்டில் ஒரு குடிசை. குடிசையில் ஒரு பெண். விருத்தகிரியின் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் ஊரே அவளை மணல்மேட்டம்மா என்று கும்பிடும்.

"அம்மா, என் வயித்துக்கு ஒரு மருந்து வேணும். பௌர்ணமிக்குள்ள வேணும். ஒரு உயிர் தொங்குது."

"உக்காருங்கய்யா. கஞ்சி வெந்ததும் தர்றேன்."

பல்லக்குத் தூக்கிகளுக்குக் காலையில் வடித்த கஞ்சி இருந்தது. சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தார்கள். புங்கமரத்தடியில் சாய்ந்தார்கள்.

"படுத்த உடனே தூக்கம் வருதா உங்களுக்கெல்லாம்?" என்று ஏக்கமாகக் கேட்டார் விருத்தகிரி.

"சாமியத் தூக்கிட்டு வந்தா யாருக்கும் வருமுங்க," என்றான் தூக்கிகளில் ஒருவனான வேலப்பன். சொல்லி முடிக்கும்போதே குறட்டை.

மணல்மேட்டம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் முறம். முறத்தில் அரிசி.

உலை கொதித்தது. ஒரு பிடி அரிசி போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு பிடி.

பானை மறுபடி கொதி வரும் நேரம். இன்னொரு பிடி.

விருத்தகிரி பார்த்தார். ஏதோ மந்திரம் போலிருக்கிறது என்று பேசாமல் இருந்தார்.

நிழல் நீண்டது. இன்னொரு பிடி.

"அம்மா, வெந்துருச்சா?"

"நீங்களே பாருங்க."

எட்டிப் பார்த்தார். அடியில் குழைந்து பிடித்திருந்தது. மேலே பச்சை அரிசி மிதந்தது. ஒரு மாதிரி நாற்றம் வேறு.

அவள் முறத்துக்குள் கையை விட்டாள்.

விருத்தகிரிக்குப் பொறுக்கவில்லை. வெடுக்கென்று முறத்தைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் நின்றார்.

"அந்த அரிசி வேகறதுக்குள்ள இந்த அரிசியப் போட்டா எந்த யுகத்துலம்மா வேகும்? பானை என்ன பாவம் பண்ணுச்சு?"

அவள் பானையைப் பார்க்கவில்லை. அவர் வயிற்றைப் பார்த்தாள்.

"அதைத்தான்யா நானும் கேக்கணும்னு இருந்தேன்."

முறம் ஒரு கையில் இருந்தது. இன்னொரு கை தானாகவே வயிற்றுக்குப் போனது.

அன்று அவருக்குச் சாப்பாடு கிடையாது. அவர் கேட்கவுமில்லை.

இருட்டத் தொடங்கியதும், அவள் அடுப்பிலிருந்த கங்குகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டிச் சாம்பலைப் போட்டாள்.

"அணைச்சுட்டீங்களா?"

"மூடியிருக்கேன்."

"விடியற வரைக்கும் இருக்குமா?"

"யாரும் கிளறாம இருந்தா."

யாரும் கிளறாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று பக்கத்திலேயே துண்டை விரித்துப் படுத்தார் விருத்தகிரி. சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணைத் திறந்தபோது காக்கை கத்தியது.

அவள் சாம்பலை விலக்கினாள். உள்ளே சிவப்பாக ஒரு கங்கு. தேங்காய் நாரை வைத்து ஒரே ஊது. பற்றிக்கொண்டது.

"மருந்து எங்கம்மா?"

"ஆத்துக்கு நடுவுல ஊத்து இருக்கு. ஒரு குடம் கொண்டாங்க."

விருத்தகிரி மணலைப் பார்த்தார். அந்தக் கோடிவரை மணல்தான்.

"பல்லக்குல போயிட்டு வரட்டுமா?"

"பல்லக்குல வந்த தண்ணி சீக்கிரம் கொதிக்காதுங்கய்யா."

மரத்தடியில் யாரோ சிரித்தார்கள். வேலப்பனாகத்தான் இருக்கும்.

பௌர்ணமி வரைக்கும் இதேதான். பகலில் மணல். பானையில் ஒரே தடவை அரிசி. இருட்டினால் சாம்பல்.

பௌர்ணமியன்று காலையில் கும்பிட்டு நின்றார்.

"மருந்து தர்றேன்னீங்களே அம்மா?"

அவள் தூக்கிகளைக் கூப்பிட்டாள். "வெறும் பல்லக்காத் தூக்கிட்டுப் போங்கப்பா."

"அம்மா நல்லா இருக்கணும்!" என்றான் வேலப்பன்.

வெறும் பல்லக்கு முன்னால் குதித்துக்கொண்டு போனது. விருத்தகிரி பின்னால் நடந்து போனார்.

அரண்மனையில் சபை நிறைந்திருந்தது. ராஜா ஒரு வாழைப்பழத்தை முடித்துவிட்டு அடுத்ததை உரித்துக்கொண்டிருந்தார். தில்லைநாயகம் இலையில் புளியோதரையை வைத்தார்.

விருத்தகிரி ஒரு கவளம் எடுத்தார். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

கடமுடவென்று சபை முழுக்கக் கேட்டது வயிறு.

ராஜா துள்ளி எழுந்தார். "வயிறு! பிடிங்கடா அந்தச் சமையல்காரனை!"

பிடித்தார்கள்.

"மகாராஜா," என்றார் விருத்தகிரி. "இன்னும் நான் வாயிலேயே வைக்கலீங்களே."

ராஜா பார்த்தார். கவளம் கையில்தான் இருந்தது.

"அப்போ என்ன சத்தம் அது?"

"பசிங்க."

"அன்னிக்கு?"

விருத்தகிரி தில்லைநாயகத்தைப் பார்த்தார். மெலிந்துபோயிருந்தார்.

"அன்னிக்கும் விஷமில்லீங்க. வெந்ததும் வேகாததுமா என் வயித்துக்குள்ளேயே கிடந்த வினை. சொன்னா வேலை போயிரும்னு பயந்தேன். வேலையை எடுத்துக்கங்க. அவரை விட்டுருங்க."

சொல்லிவிட்டுக் கவளத்தை வாயில் வைத்தார். மென்றார். அடுத்த கவளம். அதற்கடுத்தது.

"மெதுவா அண்ணே," என்றார் தில்லைநாயகம், காவலர் பிடியில் நின்றபடியே. "இத்தனை வருஷமா ஒரு கவளத்தோட கையை எடுத்தவரு, இன்னிக்கு இலையையும் விடமாட்டீங்க போலிருக்கே."

"எள்ளை வறுத்தா பொடிக்கிறீங்க?"

"என்னிக்கு வறுக்காம பொடிச்சேன்?"

"இன்னிக்குத்தான்யா தெரியுது."

இலையை மடித்துவிட்டு எழுந்தார். உட்காரவில்லை. சபையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். திரும்பி நடந்தார். ராஜா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது.

"அவனை விடுங்க," என்றார் கடைசியில்.

தங்கத் தட்டில் ராஜாவுக்கும் புளியோதரை வந்தது. அவர் கை வைக்கவில்லை. குனிந்து, பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"விருத்தகிரி, பசின்னா எப்படி இருக்கும்?"



விருத்தகிரி ராஜாவுக்கு முன்னால் இருந்த தட்டை எடுத்தார். வாழைப்பழச் சீப்பையும் எடுத்து அதன்மேல் வைத்தார். சபையைவிட்டு இறங்கி, ஆற்றை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

"அண்ணே, தட்டு! ராஜா தட்டு!" என்று பதறிக்கொண்டே தில்லைநாயகம் பின்னால் ஓடினார்.

காவலர்கள் ஈட்டியை உயர்த்தினார்கள். ராஜா கையைக் காட்டி நிறுத்தினார்.

உச்சி வெயிலில் தட்டு மினுக்கிக்கொண்டே தூரமாய்ப் போனது.

"பல்லக்கு கொண்டுவரச் சொல்லட்டுமா மகாராஜா?" என்றார் மந்திரி.

"வேண்டாம்."

ராஜா படியிறங்கி, அந்த மினுக்கத்தின் பின்னாலேயே நடந்து போனார்.