வகுப்பறைக்குள் வந்த மேகம்

"டீச்சர், எம் பேரன் எங்கிட்ட பேசமாட்டேங்குறான்," என்றார் சவரிமுத்து.

மலைமேல் பூம்பாறையில் பூண்டு போடுகிறவர். வயது அறுபத்திரண்டு. ஷாகிரா டீச்சருக்கு இருபத்தேழு. பேக்கரி மாடியில் அவள் நடத்தும் ஆங்கில வகுப்பில் மொத்தமே நாலு பேர். கீழேயிருந்து பன் வாசனை வந்தால் பாதிப் பாடம் யார் மண்டையிலும் ஏறாது.

"என்னவாம் அவனுக்கு?"

"அயர்லாந்துல பொறந்த பய. தமிழ் தெரியாது. ஞாயித்துக்கிழமையானா வீடியோவுல வருவான். எழுதி வச்சதைத் தப்பில்லாம வாசிப்பேன். நீங்க திருத்திக் குடுத்ததுதான். போன வாரம் அவங்கம்மாகிட்ட, அதான் எம் மககிட்ட கேட்டிருக்கான், தாத்தாவுக்கு எம்மேல கோவமான்னு."

ஆறு மாசம் விழுந்து விழுந்து படித்ததற்கு இதுவா கிடைக்க வேண்டும்!

அன்றும் ஞாயிறு. தாள் சட்டைப்பையில் தயாராக இருந்தது.

வெளியே மலை இல்லை, மரம் இல்லை, சாலையும் இல்லை. ஷாகிரா எழுந்து சன்னலைத் திறந்தாள். மேகம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து பெஞ்சுகளில் உட்கார்ந்தது.

சவரிமுத்துவின் கண்ணாடி வெளுத்துப்போனது.

"குடுங்கய்யா, தொடச்சுத் தாரேன்."

வாங்கினாள். துடைத்தாள். தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"டீச்சர், அது இல்லாம தாளை எப்படி வாசிப்பேன்?"

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

போன் அடித்தது.

பக்கத்தில் இருப்பதெல்லாம் கலங்கல். பேரன் முகமாவது தெரியட்டும் என்று போனைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்தார். பையன் தெரிந்தான். சொல்லத்தான் ஒன்றும் இல்லை. இந்த வாரமும் போய்விடுவானோ?

"கிளவுட்," என்றார். சுற்றிலும் கையைக் காட்டினார். "கிளவுட்... இன்சைட்."

பையன் திரையை ஒட்டி வந்தான். மேகத்தை அவன் கவனிக்கவே இல்லை.

"அம்மா, சீக்கிரம் வா!"

அவன் ஆங்கிலத்தில் கத்தியது வகுப்பில் நாலு பேருக்கும் புரிந்தது.

"இத்தனை நாளும் தாத்தாவோட உச்சந்தலைதானே தெரிஞ்சுது? வந்து பாரேன், அவருக்கு உன் கண்ணு!"