பாரம் தாங்காத இரும்பு

மலையடிவாரத்தில் புதிய ரயில் பாதை போட்ட காலம். இரண்டு பாதைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில், சக்கரத்தின் விளிம்பு கடந்து போகத் தண்டவாளத்தில் சிறு இடைவெளி விடுவார்கள். சக்கரம் அதில் தடம் மாறாமலிருக்க, எதிர்த் தண்டவாளத்தை ஒட்டி ஒரு காப்பு இரும்பைப் பதிப்பார்கள். காண்டிராக்டர் தணிகாசலம் அதைப் பதிக்கவில்லை. தண்டவாளத்தில் போன கல்வண்டி தடம் மாறிக் கவிழ்ந்து, அதைத் தள்ளிப்போன உய்க்காட்டான் நசுங்கிச் செத்தான்.

மறுநாள் அதே வண்டியைத் தள்ள அவன் மைத்துனன் இசக்கியை நிறுத்தினார்கள். அங்கேயே கூலிவேலை செய்த உய்க்காட்டானின் மனைவி, முப்பிடாதி, ஓடிவந்தாள்.

“எசமான், காப்பு இரும்பைப் போட்டுட்டு எந்தம்பிய அனுப்புங்க.”

“ஏட்டி, அதுமேல எந்தச் சக்கரமாவது ஏறி ஓடுதா? பாரம் தாங்காத இரும்பு எதுக்கு?”

அவள் ஓடைப் பக்கம் நடந்தாள்.

சாப்பாட்டுக்குக் கூடாரம் போக, காண்டிராக்டர் ஓடைமேல் கிடந்த ஒற்றைப் பலகையில் ஏறினார். கீழே வெள்ளம் சுழித்தது. நடுவில், எப்போதும் பிடித்து நடக்கும் கைப்பிடிக் கயிற்றைத் தேடினால், கயிறு இல்லை. அப்படியே பலகைமேல் குந்திவிட்டார்.

“கயிறு எங்கடா?”

“எங்கிட்ட இருக்கு, எசமான்,” என்றாள் கரையில் நின்ற முப்பிடாதி. “உங்க பாரத்தைப் பலகைதானே தாங்குது? கயித்துமேல நீங்க ஏறி நடந்ததே இல்லையே.”

கூலியாட்கள் யாரும் சிரிக்கவில்லை. யாரும் நகரவுமில்லை.

“கட்டித் தொலைடி!”

“மொதல்ல இரும்பு.”

மழை பிடித்தது. பலகை வழுக்கியது.

“போடுங்கடா!” என்று அலறினார்.

ஆட்கள் இரும்பைப் பதித்து ஆணியடித்து முடித்த பிறகே அவள் கயிற்றை நீட்டினாள். கரையேறியதும் அவர் அவளை வேலையைவிட்டு விரட்டினார்.

அவள் உடனே போகவில்லை. இசக்கி வண்டியைத் தள்ளி வந்தான். சக்கரம் காப்பு இரும்பை உரசிக் கிறீச்சிட்டு, தடம் மாறாமல் கடந்தது.

அப்போதுதான் அவள் தன் புருஷனுக்காக அழுதாள்.