தானா எரிஞ்ச விளக்கு

ஒரு ஊர்ல ஒரு கொத்தனார், ஒச்சுன்னு பேரு. அவனுக்குன்னு இருந்தது ஒரே அக்கா, செங்கமலம். கால் விளங்காதவ, தெருக்கோடி வீட்ல தனியா இருந்தா. ம் கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன்.

"ம்..."

அந்தத் தெருவுல ஒரு பழக்கம். விடிஞ்சா கிணத்து ராட்டினம் கிரீச் கிரீச்னு கேக்கணும். அப்புறம் வாசல்ல சளப் சளப்னு தண்ணி தெளிக்கணும். பொழுது சாஞ்சா மாடத்துல விளக்கு எரியணும். எதாவது ஒண்ணு கொறைஞ்சாலும், என்னாச்சோன்னு பக்கத்து வீட்டு மொக்கத்தாயி வந்து கதவத் தட்டிருவா.

அக்கா நொண்டி நொண்டி தண்ணி எறைக்கிறதப் பாத்து ஒச்சுக்கு மனசு தாங்கல. சுவத்துக்குள்ள குழாய் வெச்சான், தண்ணி குடுகுடுன்னு வீட்டுக்குள்ள வந்துச்சு. அப்புறம் வாசல் தானா நனையுற மாதிரி பண்ணினான். அப்போ அக்கா சொன்னா, "விளக்க மட்டும் விட்டுருடா தம்பி, நானே ஏத்திக்கிறேன்." கேட்டானா? கெட்டிக்காரன் எவன் கேட்டிருக்கான்! விளக்கும் தானா எரிஞ்சுது.

தெருவே வாயப் பொளந்துச்சு. எல்லா வீட்டுக்கும் அப்படியே பண்ணினான். அப்புறம் ராசா கூப்பிட்டாருன்னு ஊர் ஊரா கட்டப் போயிட்டான்.

ஒரு வருசம் கழிச்சு, சாயங்காலம் திரும்பி வந்தான். அக்கா வாசல் ஈரமா இருக்கு, விளக்கு எரியுது. நெஞ்சு குளுந்து போச்சு.

"அக்கா சுகமா மதினி?"ன்னு மொக்கத்தாயியக் கேட்டான்.

"அவளுக்கென்ன. வெளக்கு எரியுதே, பாக்கலயா?"

டொக் டொக்னு கதவத் தட்டினான். சத்தமே இல்ல. ஒடச்சுக்கிட்டு உள்ள போனா, அக்கா கட்டில்ல எப்பவோ செத்துக் கெடந்தா. குழாய்த் தண்ணி மட்டும் குடுகுடுன்னு வந்துக்கிட்டு இருந்துச்சு.

பாவம் கண்ணு அவன். கெட்ட எண்ணத்துல பண்ணியிருந்தா திட்டிட்டுப் போயிரலாம், பாசத்துல பண்ணினானே.

அக்காவ அடக்கம் பண்ணிட்டு, அந்த வீட்டு விளக்கப் புடுங்கிப் போட்டு, கதவச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்தான். யாராச்சும் தட்டுவாங்களான்னு பாத்தான். மொத நாள் இருட்டிருச்சு, யாரும் வரல. ரெண்டாம் நாள் சரக் சரக்னு செருப்புச் சத்தம் வந்துச்சு, வாசலத் தாண்டிப் போயிருச்சு. இருட்டுன வீட்டுக்குப் போகணும்கிறதே தெருவுக்கு மறந்து போச்சு.

மூணாம் நாள் ஜன்னல் வழியா மொக்கத்தாயி வீட்டு விளக்கப் பாத்தான். பளிச்சுனு எரியுது. சட்டுனு எந்திரிச்சு ஓடி, அவ கதவத் தட்டினான்.

அவ எரிச்சலோட தொறந்தா. "ஏண்டா தட்டுற? வெளக்குதான் எரியுதே."

"அதான் மதினி தட்டுறேன்."

அவ்வளவுதான் சாமி. கதை படுத்தாச்சு, நீயும் கண்ண மூடு.