வெயில் தாங்கிய பிராசஸர்

ஒரு காட்டாற்றின் கரையில் பெரிய பாறை இருந்தது. அதன்மேல் விலங்குகள் ஒரு கம்ப்யூட்டரை வைத்திருந்தன. படம் பார்ப்பதற்கு அல்ல. மலையில் எவ்வளவு மழை பெய்தது என்று பறவைகள் வந்து சொல்லும். நீர்நாய் அதையெல்லாம் உள்ளே போட்டு, ஆற்றில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று கணக்குப் பார்க்கும். சோலார் தகட்டில் வெயில் விழுந்தால்தான் கம்ப்யூட்டர் ஓடும். அதனால் நிழலே இல்லாத அந்தப் பாறையைவிட்டு அதை நகர்த்த முடியாது.

ஒரு நாள் அதன் பிராசஸர் கருகிப்போனது. கம்ப்யூட்டருக்கு மூளையே அதுதான். காகம் பறந்துபோய்ப் புதிதாக இரண்டு பிராசஸர்களைக் கொண்டுவந்தது. எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை. காகத்திடம் அதைக் கேட்பது மரியாதை இல்லை.

ஒன்று பளபளக்கும் பெட்டியில் இருந்தது, மற்றது சாதாரண அட்டைப்பெட்டியில். நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைப் பக்கத்துக் காட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்றது குரங்கு. நடுவர் வேலையையும் அதுவே எடுத்துக்கொண்டது. கேட்பார் யார்!

மறுநாள் காலை, பனி விலகி இளவெயில் விழுந்ததும் போட்டி நடந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி, இரண்டுக்கும் ஒரே கணக்கைக் கொடுத்தார்கள், மிகச் சின்னக் கணக்கு. தொடங்கலாம் என்று குரங்கு தூக்கிய கையை இறக்குவதற்குள் பளபளப் பெட்டிக்காரன் விடை சொல்லிவிட்டான். அட்டைப்பெட்டிக்காரன் சொல்லும்போது குரங்கு ஓர் அத்திப்பழத்தைத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டாதது ஆமை மட்டும்தான். ஆற்று நடுவே உள்ள மணல்திட்டில் அது முட்டைகளைப் புதைத்து வைத்திருந்தது. முந்தின நாளிலிருந்து மலையில் மழை. தண்ணீர் திட்டுக்குமேல் ஏறினால் முட்டைகள் எல்லாம் போய்விடும். இப்போதே தோண்டி எடுத்து மேட்டில் வைத்தால் என்ன என்று நீர்நாய் கேட்டது. குஞ்சு வளர்ந்துவரும் முட்டையை அசைத்தால் உள்ளேயே செத்துப்போகலாம், வேறு வழியே இல்லையென்றால்தான் தொடவேண்டும் என்றது ஆமை. தண்ணீர் வருமா வராதா என்று தெரியாமல் அது தவித்தது.

"என்னோட கணக்கையே ரெண்டுலயும் போட்டுப் பாருங்களேன். உச்சி வெயில்ல, இதே பாறையில" என்று கேட்டது.

குரங்கு சிரித்தது. "ஆமை மெதுவா ஓடுறதுக்குத்தானே ஓட்டுப் போடும்!"

"எனக்கு மெதுவா ஓடுறது வேணாம் தம்பி. பொழுது சாயறதுக்குள்ள பதில் வேணும். இந்தக் காட்டுல இன்னிக்கு என்னைவிட அவசரக்காரி யாரு?"

போட்டிதான் முடிந்துவிட்டதே, இன்னொரு தடவை எதற்கு என்று குரங்கு கையை விரித்தது. ஜெயித்த பிராசஸரை நீர்நாய் மாட்டியது.

மலையில் மழை நின்றது, மொத்தம் இவ்வளவு பெய்தது என்ற செய்தியோடு மீன்கொத்தி வந்து சேரும்போது உச்சி வெயில். ஆமையின் கணக்கு தொடங்கியது. இது சின்னக் கணக்கு இல்லை. மலையின் ஒவ்வொரு ஓடையையும் கூட்டவேண்டும். முதலில் காற்றாகப் பறந்தது பிராசஸர். பிறகு பாறை கொதித்தது, பிராசஸரும் கொதித்தது. அதன் குட்டி மின்விசிறி அலறியது. கருகிப்போகாமல் இருக்க அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. இன்னும் குறைத்தது. குரங்கு தேக்கு இலையால் விசிறிப் பார்த்தது, வாயால் ஊதியும் பார்த்தது. ஒன்றும் பலிக்கவில்லை.

காலைக் குளிரில் சின்னக் கணக்கைப் போட்டபோது அது சூடாகவே நேரமில்லை என்று நீர்நாய் மெல்லச் சொன்னது. வெயில் சாய்ந்துவிட்டது. பாதிக் கணக்கு அப்படியே கிடந்தது. ஆமை மணல்திட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. பாவம், அதனால் வேறென்ன செய்ய முடியும்?

குரங்குக்கு முகம் சிறுத்துப்போனது. "தப்பு என்மேலதான் அக்கா. வேகத்தைப் பார்த்து மயங்கிட்டேன். மத்ததை மாட்டிப் பார்க்கட்டுமா?"

மாட்டினால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். சூரியன் மலைக்குப் பின்னால் போனால் கம்ப்யூட்டர் நின்றுவிடும்.

"மாட்டுங்க" என்றது ஆமை.

பாறையின் கொதிப்பு இன்னும் அடங்கவில்லை. அட்டைப்பெட்டிக்காரன் பறக்கவில்லை. ஆனால் தொடங்கிய வேகத்திலேயே கடைசிவரை ஓடினான். அவனுடைய மின்விசிறியின் சத்தம்கூட வெளியே கேட்கவில்லை. சூரியன் மலை உச்சியைத் தொட்டபோது விடை வந்தது. இன்றிரவு தண்ணீர் திட்டுக்குமேல் ஏறும்!

குரங்கு ஆழமில்லாத தண்ணீரில் இறங்கித் திட்டுக்கு ஓடி மணலைத் தோண்டியது.

"மெதுவா தம்பி. புரட்டிடாதீங்க. எப்படி இருந்துச்சோ அப்படியே எடுங்க" என்றது ஆமை.

பிறந்ததிலிருந்து எதையும் மெதுவாகச் செய்தறியாத குரங்கு, ஒவ்வொரு முட்டையாக மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கிவந்து மேட்டு மணலில் வைத்தது. இரவு வெள்ளம் வந்து திட்டை மூடியது. மேட்டை அது தொடவில்லை.

பளபளப் பிராசஸரைப் பக்கத்துக் காட்டுக்குக் கொடுக்க ஆமை விடவில்லை. மார்கழிக் காலைகளில் அதுதான் இப்போது வேலை பார்க்கிறது. நீர்நாய் குளித்துவிட்டு வருவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் மேட்டு மணல் அசைந்தது. குட்டி ஆமைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்து, படுத்திருந்த குரங்கின் வாலில் ஏறி இறங்கி ஆற்றுக்குப் போயின. அவை கடந்து முடியும்வரை குரங்கு வாலை அசைக்கவே இல்லை.

எது சிறந்தது என்று முடிவு செய்யும்முன், நம்முடைய வேலையை நம்முடைய இடத்திலேயே அதற்குக் கொடுத்துப் பார்க்கவேண்டும்.