வெட்டிவேருக்குப் பேரு மாறாத கதை

அந்தக் காலத்துல, புல்லுகூட வாயத் திறந்து பேசிக்கிட்டிருந்தப்ப, ஆத்தங்கரை மணல்மேட்டுல பூங்காவனம்னு ஒருத்தி குடிசை போட்டிருந்தா. அந்த மேடு சரியாம இறுக்கிப் புடிச்சிருந்தது ஒரு புல்லு. மேல பாத்தா சாதாரணப் புல்லு. அடியில வேரோ, அப்படி ஒரு மணம்! அது அவளுக்கு மட்டுந்தான் தெரியும்.

"யார்கிட்டயும் மூச்சு விட்றாதடி. தெரிஞ்சா என்னைத் தோண்டிருவாங்க. நான் போனா உன் குடிசையும் ஆத்தோட போயிரும்"னு புல்லு சொல்லி வச்சிருந்துச்சு.

ஒருநாள் சீமையிலேர்ந்து ஒரு கப்பல்காரன் வந்து எறங்குனான். மகா சந்தேகப் பிராணி! உப்பைக்கூட நக்கிப் பாத்துதான் வாங்குவான். காத்துல மணம் வந்ததும் மேடேறி, பூவை மோந்தான், இலையக் கசக்குனான். ஒண்ணும் இல்ல.

"எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கே நீ."

"என்னத்த ஒளிக்கிறது? இருக்கிறது ஒரு பானை, ஒரு பாய். வந்து பாத்துக்கங்க."

"இவன் பார்வையே சரியில்ல"ன்னு புல்லு கிசுகிசுத்துச்சு.

வெயில்ல சுத்திச் சுத்தி அவனுக்கு நாக்கு வறண்டு போச்சு. தாகம்னு நிக்கிறவனை எப்படி அனுப்புறது? பூங்காவனம் பழக்கதோஷத்துல பானையிலேர்ந்து தண்ணி மொண்டு குடுத்துட்டா. குடுத்தப்புறந்தான் பொறி தட்டுச்சு. பானைக்குள்ள கெடக்குறதே அந்த வேருதான்!

ஒரு வாய் குடிச்சான். சட்டுன்னு பானைக்குள்ள கையை விட்டான். "இது என்ன?"

"வெட்டி... வெட்டிவேரு."

"போச்சு"ன்னுச்சு புல்லு.

மண்வெட்டியோட அவன் ஆளுங்க மேடேறிட்டாங்க. "இதுக்கு இனிமே என் பேரையே வைக்கப் போறேன்"னு அவன் சொன்னதும் அவளுக்குச் சுருக்குன்னுச்சு. சொல்லிட்டு மறுபடியும் சந்தேகமா வேரை மோந்தான் பாருங்க, அங்கதான் அவளுக்கு ஒரு யோசனை!

"எடுத்துக்கங்க. ஆனா வேரை வெட்டிட்டு, மேல மிஞ்சுற புல்லுத் தூரை அதே குழியில நட்டுரணும். இல்லேன்னா மணம் போயிரும். பேரை மாத்துனாலும் போயிரும்."

"இது எப்பத்திலேர்ந்து?"ன்னு புல்லு மெல்லக் கேட்டுச்சு.

"சும்மா கெட."

"பொய் சொல்றே நீ"ன்னான் கப்பல்காரன்.

"அப்ப மாத்திப் பாருங்களேன். எனக்கென்ன?"

அவன் அவளைப் பாத்தான், வேரைப் பாத்தான். பேரு வைக்கிற பேச்சையே விட்டுட்டான். அப்புறம் தானே குனிஞ்சு ஒவ்வொரு தூரா நட்டான். குடிசை அசையல.

அன்னையிலேர்ந்துதான் வெட்டிவேர் தோண்டுறவங்க தூரைத் திரும்ப நடுறாங்க. இங்கிலீஷ்காரங்களும், நாக்கு எப்படிச் சுளுக்குனாலும், 'வெட்டிவெர்'னே சொல்றாங்க. மாத்திப் பாக்க இன்னும் ஒருத்தருக்கும் தைரியம் வரல!